ஒற்றைப்படைத் தேதி மாத்திரை

பஞ்சநதத்தை நல்லவர் என்று ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நியாயமானவர் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அவர் யோசித்ததில்லை. மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கிளை வாய்க்காலில் முப்பத்தெட்டு வருஷம் லஸ்கராக இருந்தவருக்கு அந்த யோசனைக்கு அவசியமும் வரவில்லை. மதகைத் திறப்பது, அடைப்பது, கரை உடையாமல் பார்த்துக்கொள்வது, இதுதான் பொதுப்பணித் துறையில் லஸ்கரின் வேலை. ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நேரத்தில் விட முடியாது. இத்தனை நாள் இவர்களுக்கு, இத்தனை நாள் அவர்களுக்கு என்று மாற்றி மாற்றித் திறப்பார்கள். அதற்கு முறை என்று பெயர். தன் முறை முடிந்த பிறகு இன்னும் அரை மணி நேரம் விடச்சொல்லி வந்த சொந்த மைத்துனரைக் கரையில் நிற்க வைத்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே மதகுப் பலகையை இறக்கியவர் பஞ்சநதம். மைத்துனர் எட்டு வருஷம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"எங்க அண்ணன் என்ன, ஆத்தையா கேட்டுச்சு? அரை மணி நேரம் தண்ணி கேட்டுச்சு" என்று மனைவி பூவம்மாள் அந்த எட்டு வருஷமும் சொல்லிக் காட்டினாள்.

"அரை மணி நேரம் கடைமடைக்காரனோடது. எடுத்துக் குடுக்க நான் யாரு?" என்பார் அவர். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவன்தான் கடைமடைக்காரன்.

அந்தப் பூவம்மாளுக்குத்தான் போன ஐப்பசியில் நெஞ்சு வலி வந்தது. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இதயக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டிருந்த காப்பீட்டுப் பணம் அன்றுதான் முகம் காட்டியது. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கக் காப்பீட்டிலேயே போயிற்று. பஞ்சநதம் கவுன்டரில் கையெழுத்து மட்டும் போட்டார். வீட்டுக்குக் கிளம்புகிற நாளில், கவுன்டரில் இருந்த பெண் ஒரு மருந்துச் சீட்டை நீட்டினாள்.

"இதெல்லாம் மாசாமாசம் வெளில வாங்கிக்கணும்ங்க."

"காப்பீட்டுல வராதாம்மா?"

"பெட்டுல இருக்கற வரைக்கும்தான் காப்பீடு."

"பெட்டை விட்டு எறங்கிட்டா?"

"எறங்கிட்டா நீங்கதான்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பின்னால் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

சீட்டில் ஐந்து மாத்திரைகள். ரத்தம் கட்டாமல் இருக்க ஒன்று, பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, இன்னும் இரண்டு. பஞ்சநதத்துக்கே எழுபத்திரண்டு வயது. அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் பத்து வருஷமாக உண்டு. பணி நிரந்தரம் தாமதமாகக் கிடைத்ததால் ஓய்வூதியம் சிறியது. இரண்டு பேர் மாத்திரையும் சேர்ந்தால் அதில் பாதி போய்விடும். குத்தாலத்தில் இருக்கும் மகள் குந்தவையிடம் கேட்கலாம். ஆனால் கேட்டால் அவள் காதில் கிடப்பதைக் கழற்றி அடகு வைப்பாள் என்று பூவம்மாள் கேட்கவிடவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு தடவை போனார். அங்கே மாத்திரை இலவசம். சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"பேரு வேறயா இருக்கே."

"மருந்து ஒண்ணுதான் ஐயா. கம்பெனி பேருதான் வேற."

"பேரு வேறன்னா மருந்து எப்படிங்க ஒண்ணாகும்?"

அவர் பிழைப்பில் பெயரில் ஓர் எழுத்து மாறினால் அது வேறு வாய்க்கால், அது பாயும் ஆயக்கட்டு வயல்களும் வேறு. ஒரு தடவை அந்த ஓர் எழுத்தில் இன்னொரு லஸ்கர் தவறி, நாலு நாள் தண்ணீர் வேறு ஊருக்குப் போய் அடிதடியே ஆகியிருக்கிறது. மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த விஷயத்தில் அவர் யாரையும் மேற்கொண்டு கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாத ஒன்றை அளந்துவிட்டால் மனசுக்குக் கிடைக்கிற நிம்மதி சாதாரணமானதல்ல. அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

அன்று சாயங்காலம் நாள்காட்டியின் முன்னால் நின்றுகொண்டு அவர் முறை போட்டார்.

"இந்தா பூவு. ஒத்தைப்படை தேதி உனக்கு. ரெட்டைப்படை எனக்கு. ஒரு மாசத்து மாத்திரை ரெண்டு மாசம் வரும். யாருக்கும் கூடக் கிடையாது, கொறையக் கிடையாது."

"என்னையும் வாய்க்கால்ல சேத்துட்டீங்களா?"

"பயிரு தாங்கலையா?"

"பயிரு பேசாது. நான் பேசுவேன்." ஆனால் அவளும் சம்மதித்தாள். அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

தை பிறந்ததும், ஜனவரி இருபதாம் தேதி, தஞ்சாவூருக்கு மறுபரிசோதனைக்குப் போனார்கள். இரட்டைப்படைத் தேதி. அவள் மாத்திரை போட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. பிரஷர் ஏறிக் கிடந்தது. டாக்டர் கணினித் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"மாத்திரையெல்லாம் முறையா சாப்பிடுறாங்களா?"

"முறையாத்தாங்க. ஒரு நாள் தவறினதில்ல" என்றார் பஞ்சநதம்.

அவர் பொய் சொல்லவில்லை. முறை என்ற சொல்லுக்கு அவர் முப்பத்தெட்டு வருஷம் ஒரே பொருளில்தான் பதில் சொல்லிப் பழகியிருந்தார். பூவம்மாள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த இதயப் படத்தைப் பார்த்தாள். டாக்டருக்கு அந்தப் பார்வைக்கெல்லாம் நேரம் இல்லை.

"முறையா சாப்பிட்டும் இறங்கலைன்னா டோஸ் பத்தலன்னு அர்த்தம்" என்று பிரஷர் மாத்திரையை இரட்டிப்பாக்கி, கூட இன்னொன்றும் எழுதினார்.

அந்தச் சீட்டோடு மன்னார்குடியில் அப்துல் ஜலீலின் மருந்துக் கடைக்கு வந்தார்கள். ஜலீல் பழைய கணக்கைக் கணினியில் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னண்ணே, நவம்பர்ல முப்பது மாத்திரை வாங்கினீங்க. ஜனவரில வந்து நிக்கறீங்க. மாத்திரை குட்டி போடுதா?"

"வீட்டுல ஸ்டாக் இருந்துச்சு" என்றார் பஞ்சநதம்.

அது பொய். அது பொய் என்று அவருக்கே தெரிந்தது. நியாயமான காரியம் என்றால் அதை மறைப்பானேன் என்ற கேள்வி அந்தக் கடை வாசலிலேயே அவருக்குள் எழுந்தது. அவர் அதற்குப் பதில் தேடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜனவரிக்கு முப்பத்தொரு நாள். முப்பத்தொன்றும் ஒற்றைப்படை, மறுநாள் ஒன்றாம் தேதியும் ஒற்றைப்படை. டிசம்பர் கடைசியிலும் அப்படித்தான் வந்தது. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அவளுக்கே வருகிறதே என்று அவர் அப்போது தயங்கினார். பிறகு, போகட்டும், கடைமடைக்கு ஒரு நாள் கூட இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். வாழ்நாளில் முறையை அவர் தளர்த்தியது அந்த ஒரு இடத்தில்தான். டிசம்பரில் ஒன்றும் ஆகவில்லை. அப்போது மாத்திரை பழைய அளவு.

பிப்ரவரி ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, எட்டரைக்குப் பின்கட்டில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள் பூவம்மாள். எழுந்தபோது விழுந்தாள். தொட்டி விளிம்பில் தலை பட்ட சத்தம் பஞ்சநதத்துக்கு முன்கட்டில் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் கண் பாதி திறந்திருந்தது, உடம்பு வேர்த்துச் சில்லென்று கிடந்தது. கூப்பிட்டால் உதடு மட்டும் அசைந்தது.

எதிர் வீட்டு ரெத்தினம் ஆட்டோ ஓட்டுபவன். அவனும் அவன் மனைவியுமாகத் தூக்கி உட்கார வைத்தார்கள். சம்பா அறுவடைக் காலம். ஊரைத் தாண்டியதும் ஒற்றைச் சாலை முழுக்க அடைத்துக்கொண்டு அறுவடை மெஷின் ஒன்று எதிரே வந்தது.

"யோவ், பின்னால எடுய்யா! ஆளு மயங்கிக் கெடக்கு!" என்று ரெத்தினம் கத்தினான்.

"பின்னால நெல்லு காயப் போட்டிருக்காங்க, எங்க எடுக்கறது?"

"நெல்லு மேல ஏத்துய்யா!"

மெஷின் நெல்லின் மேல் ஏறித்தான் ஒதுங்கியது. பஞ்சநதம் அந்த நெல்லைப் பார்க்கவில்லை. பூவம்மாளின் தலை அவர் தோளில் கிடந்தது. காதுக்கு மேலே வீங்கியிருந்தது. நாடி எங்கே என்று அவர் மணிக்கட்டில் தேடிக்கொண்டே இருந்தார்.

"சித்தப்பா, தஞ்சாவூரே போயிடுவமா? அங்கதான காப்பீடு?" என்று கேட்டான் ரெத்தினம்.

"கிட்டத்துல எது இருக்கோ அங்க போ."

தாலுகா அரசு மருத்துவமனையில் அன்று பணியில் இருந்தவர் டாக்டர் விண்ணரசி. முப்பது வயது இருக்கலாம். கட்டிலில் போட்டவுடன் நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்.

"எண்பதுக்கு அம்பது, டாக்டர்."

இ.சி.ஜி. எடுத்தார்கள். விண்ணரசி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பஞ்சநதம் நீட்டிய பழைய இ.சி.ஜி. தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தெளிவாகவில்லை என்பது அவர் நெற்றியில் தெரிந்தது.

"ஐயா, இங்க பாருங்க. நான் கேக்கறதுக்கு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மாத்திரையெல்லாம் முறையா சாப்பிடுறாங்களா?"

"முறையாத்தாங்க" என்றது அவர் வாய்.

விண்ணரசி நர்ஸ் பக்கம் திரும்பினார். "முறையா சாப்பிட்டும் திடீர்னு இப்படின்னா, வச்ச ஸ்டென்ட்லயே அடைப்பா இருக்கலாம். தஞ்சாவூருக்குப் போன் போடுங்க, ஆம்புலன்ஸ் சொல்லுங்க. ரத்தம் இளகற ஊசியை எடுத்து வைங்க." பிறகு பூவம்மாளின் தலையைத் தடவி அந்த வீக்கத்தைத் தொட்டார். "இது எப்ப?"

"இப்ப விழுந்தப்ப."

கையை எடுத்துக்கொண்டார். பிறகு பஞ்சநதத்திடம் மெதுவாகச் சொன்னார். "மண்டையில அடிபட்டிருக்கு. இப்ப இந்த ஊசி போட்டா உள்ள ரத்தம் கசியலாம். போடாம விட்டா, நெஜமாவே அடைப்புன்னா, தஞ்சாவூர் போற வரைக்கும் தாங்காது. அதனாலதான் கேக்கறேன். மாத்திரைல ஏதாவது விட்டுப்போச்சா?"

பஞ்சநதம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

போன வருஷம் ஓய்வூதியர் கூட்டத்தில் யாரோ சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. நோயாளி பேரில் தப்பு என்று ஆஸ்பத்திரித் தாளில் ஏறிவிட்டால் காப்பீடு கொடுக்க மாட்டான் என்று. அப்படியானால் தஞ்சாவூர்க் கட்டில் இல்லை. அது ஒன்று. அதற்கும் கீழே இன்னொன்று கிடந்தது. பெண்டாட்டிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை அளந்தவன் என்று இந்த அறையில் இருக்கிற நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். வாசலில் ரெத்தினம் நிற்கிறான். ஊர் முழுக்கத் தெரியும். எந்த ஊரில் நியாயமானவர் என்று பேர் வாங்கினாரோ அந்த ஊர் முழுக்க. இந்த இரண்டில் எது தன் நாக்கைப் பிடித்திருந்தது என்று பிற்பாடு அவரே நினைத்துப் பார்த்திருக்கிறார். காப்பீடு என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அது இல்லை.

நர்ஸ் ஊசி மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்தார்.

"டாக்டரம்மா, நில்லுங்க" என்றார் பஞ்சநதம். "நான் சொன்ன முறை... அது தண்ணி முறைங்க."

நர்ஸுக்குப் புரியவில்லை. "என்ன தண்ணி?"

விண்ணரசி கையை உயர்த்தி நர்ஸை நிறுத்தினார். அவர் பூம்புகார்ப் பக்கம். தண்ணீர் எல்லா ஊரையும் கடந்து கடைசியாக வந்து சேர்கிற இடம்.

"எத்தனை நாளைக்கு எத்தனை நாள்?" என்று கேட்டார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒத்தைப்படை தேதி அவளுக்கு. ரெட்டைப்படை எனக்கு."

"எப்பலேருந்து?"

"நவம்பர்லேருந்து."

"இந்த டோஸ் ஏத்தினப்பவுமா? அங்கயும் முறைன்னுதான் சொன்னீங்களா?"

"ஆமாங்க."

"நேத்து முப்பத்தொண்ணு. இன்னிக்கு ஒண்ணு." அவர் சுவரைப் பார்க்காமலே சொன்னார். "ஏத்தின டோஸ், ரெண்டு நாள் சேந்தாப்ல. பிரஷர் மொத்தமா எறங்கியிருக்கும்."

"கடைமடைக்கு ஒரு நாள் கூட இருக்கட்டும்னு விட்டேங்க" என்றார் பஞ்சநதம். சொல்லும்போதே அந்த வாக்கியம் எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவர் காதுக்குப் பட்டது.

விண்ணரசி அவரைத் திட்டவில்லை. தேற்றவும் இல்லை. "ஊசி வேணாம். காலைத் தூக்கி வைங்க, சலைன் வேகமா விடுங்க. ஆம்புலன்ஸ் வாசல்லயே நிக்கட்டும். ஹார்ட் அட்டாக்கான்னு பாக்கற அட்டை டெஸ்டுக்கு ரத்தம் எடுங்க. அரை மணில மறுபடி இ.சி.ஜி." என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, இவரிடம் திரும்பினார். "வெறும் பிரஷர் எறக்கம்னா ஏறிடும். ஸ்டென்ட்ல அடைப்பா இல்லையான்னு இன்னும் எனக்கும் தெரியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டதுல அடைப்புக்கும் வழி இருக்கு. வெளில உக்காருங்க."

அவர் வெளியே உட்காரவில்லை. கதவோரம் நின்றார். முப்பத்தெட்டு வருஷம் மதகில் நின்று அளவுப் பலகையில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தவர், இப்போது நர்ஸ் வாயிலிருந்து விழும் எண்களுக்காக நின்றார். எண்பத்திரண்டு. எண்பத்திரண்டே. அதன் பிறகு நீண்ட நேரம் நர்ஸ் அந்தப் பக்கமே வரவில்லை. ரெத்தினம் டீ கொண்டுவந்து நீட்டினான், அவர் வாங்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்த ரெத்தினம் டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான், அதுதான் அவரை அறுத்தது. தொண்ணூற்றாறு. இரண்டாவது இ.சி.ஜி. முதலாவதைவிட மோசமாகவில்லை. அட்டை டெஸ்டில் ஒற்றைக் கோடு. மூன்று மணி நேரம் கழித்து எடுத்த அட்டையிலும் ஒற்றைக் கோடுதான். அடைப்பு இல்லை என்று விண்ணரசி வந்து சொன்னபோது நூற்றுப் பத்து ஆகியிருந்தது.

பூவம்மாள் கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்டது, "பாத்திரம் குழாயடியிலேயே கெடக்கா?"

சாயங்காலம் விண்ணரசி மருந்துச் சீட்டோடு வந்து உட்கார்ந்தார். பழைய மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருந்த பெயரைக் கட்டைவிரலால் மறைத்தார். அதன் கீழே எறும்பு மாதிரி ஒரு பெயர் இருந்தது.

"இதுதான் மருந்து. மேல இருக்கறது விக்கறவன் வச்ச பேரு. கீழ இருக்கற பேரு ஒண்ணா இருந்தா மருந்து ஒண்ணு. அஞ்சுல நாலு இங்கயே இலவசம். அந்த ஒண்ணை மட்டும் வெளில வாங்குங்க, அதுலயும் விலை கொறைஞ்ச கம்பெனி எழுதியிருக்கேன். பழைய டோஸ்தான். தெனம்."

"நான் சொன்னதைத் தாள்ல எழுதினீங்களாம்மா? காப்பீடு..."

"எழுதினேன். எழுதாம எப்படி? அடுத்த டாக்டருக்குத் தெரிய வேணாமா? அதுக்கெல்லாம் காப்பீடு போகாது. யார் சொன்னது உங்களுக்கு?"

"ஓய்வூதியர் கூட்டத்துல யாரோ சொன்னாங்க."

"வயலு ஒரு நாள் காஞ்சாலும் அடில ஈரம் வச்சிருக்கும்" என்று எழுந்தபடியே சொன்னார் விண்ணரசி. "உடம்பு வச்சிருக்காது."

இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்தார்கள். பஞ்சநதம் வீட்டுக்குப் போகவில்லை. கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, நர்ஸ் பூவம்மாளின் உள்ளங்கையில் மாத்திரைகளை வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். பூவம்மாள் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கணவரைப் பார்த்தாள். அவருக்குக் கண்ணுக்குக் கீழே முகம் உப்பியிருந்தது.

"நீங்க எப்ப போட்டீங்க?"

"என்ன?"

"உங்க மாத்திரை. முப்பதாம் தேதி போட்டீங்க. அப்புறம் ரெண்டு நாளும் என்னோடது. நேத்து உங்களோடது, நேத்து இங்க இருந்தீங்க. இன்னிக்கு மூணு."

"வீட்டுக்குப் போயி பாத்துக்கலாம்."

"வீட்டுக்குப் போயி என்ன பண்ணுவீங்க? எனக்கு இனிமே தெனம். வெளில வாங்கற அந்த ஒண்ணும் தெனம். அப்ப உங்களோடது?"

இரண்டு இரவு தரையில் படுத்தபடி அவர் கணக்குப் போட்டு முடித்திருந்தது அதைத்தான். அவளுக்குத் தினம் கொடுப்பது. தன் சர்க்கரை மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்பது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நாற்பத்தாறு வருஷம் கூட இருந்தவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

"என் மதகைத் தெறந்துட்டு உங்க மதகை அடைக்கப் போறீங்களா?"

"மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? அந்த டாக்டரம்மாகிட்ட உங்களுக்கும் சீட்டு வாங்குனீங்களா? உங்களுக்கும் இங்க இலவசந்தான?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நானும் ஒண்ணாந்தேதி காலம்பற நல்லாத்தான் இருந்தேன்" என்றாள் பூவம்மாள். உள்ளங்கையை மூடிக்கொண்டாள். "நீங்க வரிசைல போயி நில்லுங்க. சீட்டு வாங்கிட்டு வாங்க. அப்புறம் நான் போடுறேன்."

"நேரத்துக்குப் போடணும் பூவு. அதுதானே இவ்வளவும்."

"அப்ப சீக்கிரம் போங்க."

நர்ஸ் திரும்பி வந்தார். "என்னம்மா, இன்னும் கைல வச்சிருக்கீங்க? எனக்கு இன்னும் பதினாலு பெட்டு இருக்கு."

"அவர் வரட்டும்."

"ஐயா, சொல்லுங்களேன்."

பஞ்சநதம் சொல்லிப் பார்த்தார். அதட்டினார். கெஞ்சிக்கூடப் பார்த்தார், பக்கத்துக் கட்டில்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மூடின கை திறக்கவில்லை. கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

புறநோயாளிகள் சீட்டு வாங்கும் ஜன்னலுக்கு முன்னால் வரிசை புங்கமரத்தைத் தாண்டி நீண்டிருந்தது. எண்ணிப் பார்த்தார், அவர் இருபத்தேழாவது ஆள். முன்னால் நின்ற கிழவர் கையில் பழைய சிகிச்சை நோட்டு ஒன்று மடங்கிச் சுருண்டிருந்தது. ஜன்னலில் ஏதோ தகராறு, வரிசை நகரவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். வார்டின் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பூவம்மாள் எழுந்து வந்து நின்றுகொண்டிருந்தாள். நிற்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூடின மறு கையை அவருக்குத் தெரியும்படி மார்புக்கு நேராக வைத்திருந்தாள்.

"பெரியவரே, கொஞ்சம் நகருங்க" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

முன்னால் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாகியிருந்தது. பஞ்சநதம் ஓரடி எடுத்து வைத்தார்.